செவலில் ஓடு, கரிசலில் நட

தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலராக வேண்டுமென்றால் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். ராணுவத் தேர்வில் தூரம் 1.6 கிலோமீட்டர், ஐந்தரை நிமிடத்துக்குள் வந்தால் முழு மதிப்பெண். இந்த இரண்டு எண்களையும் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பையன்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். மதுரையிலிருந்து தூத்துக்குடி போகும் நான்குவழிச் சாலையில் விடிவதற்கு முன் பந்தல்குடியைக் கடந்தால், சாலையோரம் மூன்று பேர், நான்கு பேராக ஓடிக்கொண்டிருப்பவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான்.

சாலை எல்லோருக்கும் பிடிப்பதில்லை. லாரி பயம் ஒன்று, முழங்கால் வலி இன்னொன்று. அதனால் கண்மாய்க்கரையில் ஓடுவார்கள், பள்ளி மைதானத்தில் ஓடுவார்கள், செவக்காட்டு வண்டிப்பாதையில் ஓடுவார்கள். கரிசக்காட்டில் மட்டும் ஓடமாட்டார்கள். ஏன் என்று கேட்டால், கேட்டவரை வெளியூர்க்காரராகப் பார்த்துவிட்டு, "அதுல எப்படிண்ணே ஓடுறது" என்பதோடு முடித்துக்கொள்வார்கள். இந்த அத்தியாயம் அந்த "எப்படி"யைப் பற்றியது.

காட்டுப்பாதை ஓட்டத்தை "டிரெயில் ரன்னிங்" என்று உலகமே இன்று ஒரு விளையாட்டாக ஆக்கிவிட்டது. அமெரிக்காவில் வடக்கு டகோட்டா மாநிலத்தின் பேட்லேண்ட்ஸ் என்னும் அரிமான நிலத்திலும், அதைச் சுற்றிய பிரெய்ரி புல்வெளியிலும் ஓட ஆட்கள் விமானம் ஏறிப் போகிறார்கள். அங்கே ஓடுகிறவரின் காலில் ஒட்டும் சேறும் பந்தல்குடியில் உழவரின் காலில் ஒட்டும் சேறும் ஒரே குடும்பத்துக் களிமண். ஒரே களி அங்கே நிலத்தைக் கிழித்துப் பள்ளத்தாக்காக்கியிருக்கிறது. இங்கே பருத்தி விளையும் சமவெளியாகப் படுத்திருக்கிறது. காரணம் கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கிறது, ஆனால் கால் அதை உணர்ந்துவிடும்.

பந்தல்குடியிலிருந்து வடகிழக்கே, திருச்சுழியை நோக்கிக் காட்டுவழியாக ஓடுவதாக வைத்துக்கொள்வோம். காரில் போகிறவருக்கு இந்தப் பூமி தோசைக்கல் மாதிரித் தட்டையாகத் தெரியும். ஓடுகிறவருக்கு அப்படி இல்லை. லேசான மேடு வரும். அங்கே மண் சிவப்பு, சரளை கலந்தது, கால் வைத்தால் உறுதியாகத் தாங்கும். கண்ணுக்கே புலப்படாத ஒரு சரிவில் இறங்க இறங்க, சிவப்பு மங்கிப் பழுப்பாகும். பிறகு ஓடையை நெருங்கும்போது கன்னங்கரேலென்று கரிசல். மேட்டில் செவல், பள்ளத்தில் கரிசல். தென்னிந்தியாவின் வறண்ட பகுதி முழுக்க இந்த அடுக்கு திரும்பத் திரும்ப வருகிறது. மண்ணியலார் இதை ஒரே சரிவில் கோத்த மண் தொடர் என்பார்கள்.

பள்ளிப் பாடப்புத்தகம் கரிசலுக்கு ஒரே விளக்கம்தான் வைத்திருக்கிறது: தக்காண எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட் பாறை சிதைந்து வந்த மண். மகாராஷ்டிரத்துக்கு அது சரி. பந்தல்குடி இருக்கும் விருதுநகர் மாவட்டத்தில் தக்காண எரிமலைக் குழம்பு வந்ததே இல்லை. இங்கே அடியில் கிடப்பது 50 கோடி ஆண்டுகளுக்கும் மூத்த, வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறிய நைஸ் வகைப் பாறை. அதனூடே அங்கங்கே படிகச் சுண்ணாம்புக்கல் பட்டைகள் ஓடுகின்றன. ஒரு காலத்தில் கடலடியில் படிந்த சுண்ணாம்பு, பூமிக்குள் புதைந்து சலவைக்கல் போல இறுகியது அது. பந்தல்குடியில் அதைத்தான் வெட்டி எடுத்து சிமெண்ட் செய்கிறார்கள்.

எரிமலை இல்லாமல் கரிசல் எப்படி வந்தது? மேட்டில் பெய்யும் மழை மண்ணுக்குள் இறங்கி, பாறையிலுள்ள கால்சியம், மக்னீசியம், சிலிக்கா ஆகியவற்றைக் கரைத்துக்கொண்டு கீழே போய்விடுகிறது. மேட்டில் மிஞ்சுவது கரையாத இரும்பும் கயோலினைட் என்ற சாதுவான களியும். இரும்பு துருப்பிடித்த நிறம்தான் செவலின் சிவப்பு. கரைந்து போனவை எங்கே போகும்? பள்ளத்தில் தேங்கும். இங்கே ஆண்டு மழை 800 மில்லிமீட்டரை ஒட்டித்தான். அதிலும் பாதியளவு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். மீதி மாதங்களில் வெயில் நீரை உறிஞ்சிக்கொள்ள, கால்சியமும் மக்னீசியமும் சிலிக்காவும் செறிந்து புதுக் களிமண்ணாகப் படிகமாகும். அதன் பெயர் ஸ்மெக்டைட். செவல் இழந்ததைக் கொண்டு கட்டப்பட்டது கரிசல். பல்லாயிரம் ஆண்டுகளாக மெதுவாக நடந்த இந்தக் கைமாற்றத்தை ஓடுகிறவர் ஐந்து நிமிடத்தில் காலால் கடந்துவிடுகிறார்.

கரிசலின் கறுப்பைப் பார்த்து, மக்கிய சத்து நிறைய இருக்கிறது என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி ஒன்றும் இல்லை. கரிமச்சத்து பெரும்பாலும் ஒரு விழுக்காட்டுக்கும் கீழ். இருக்கிற கொஞ்சத்தைக் களி இறுக்கிப் பிடித்து வைத்திருப்பதால் வரும் நிறம் அது.

ஸ்மெக்டைட்டை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் தெரிவது தகடுகள். ஒவ்வொரு தகடும் ஒரு நானோமீட்டர் தடிமன். மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் ஒரு கூறு. தகடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. கயோலினைட்டிலும் தகடுகள் உண்டு, ஆனால் அவை ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருப்பதால் நடுவே நீர் நுழையாது. ஸ்மெக்டைட்டில் அந்தப் பிணைப்பு இல்லை. தகடுகளில் எதிர்மின் ஏற்றம் இருக்கிறது. அதை ஈடுகட்ட இடையிடையே கால்சியம், சோடியம் போன்ற நேர்மின் அயனிகள் உட்கார்ந்திருக்கின்றன. தண்ணீர் வந்தால் அது இந்த அயனிகளைச் சுற்றி மொய்க்கும், தகடுகள் விலகும், மண் பருக்கும். காய்ந்தால் தண்ணீர் போகும், தகடுகள் நெருங்கும், மண் சுருங்கும்.

இந்தத் தகடுகளின் பரப்பையெல்லாம் விரித்து வைத்தால் ஒரு கிராம் ஸ்மெக்டைட்டுக்கு 700 முதல் 800 சதுர மீட்டர் வரும். நம் கணக்கில் கிட்டத்தட்ட 20 சென்ட். கைவிரலில் ஒட்டிய ஒரு கிராம் களிக்குள் 20 சென்ட் நிலம் இருக்கிறது என்றால், கரிசல் ஏன் ஒரு மழையை உள்ளே வாங்கி மாசி வரை வைத்திருந்து பருத்தியையும் சோளத்தையும் மல்லியையும் வளர்க்கிறது என்பது புரியும். கயோலினைட்டுக்கு இந்தப் பரப்பு 10, 20 சதுர மீட்டர்தான். செவல் மழை நின்ற மறுநாளே ஓடத் தோதாக இருப்பதற்கும் காரணம் இதுவே.

சித்திரையில் கரிசக்காட்டைப் பார்க்க வேண்டும். பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். வெடிப்பு சில இடங்களில் ஒரு மீட்டருக்கும் கீழே இறங்கும். மாட்டின் கால் மாட்டிக்கொண்டு முறிவதும் உண்டு. காற்றில் மேல்மண் உதிர்ந்து வெடிப்புக்குள் விழும். அடுத்த மழையில் அடிமண் பருக்கும்போது உள்ளே விழுந்த மண்ணுக்கும் சேர்த்து இடம் வேண்டும். இடம் இல்லாததால் மண் பக்கவாட்டிலும் மேலேயும் நெரிந்து ஏறும். இப்படி ஆண்டுதோறும் தன்னைத்தானே மெல்ல உழுதுகொள்ளும் மண் இது. குழி தோண்டிப் பார்த்தால், மண் மண்ணோடு உரசிப் பளபளத்த சாய்வான தளங்கள் ஆழத்தில் தெரியும். கரிசலில் கட்டிய வீட்டுச் சுவர் விரிவதும் இதனால்தான். இதற்கென்றே ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், அடிப்பக்கம் குமிழாக அகன்ற தூண் அடித்தளத்தை வடிவமைத்துக் கொடுத்தது. மண் அசைகிற ஆழத்துக்குக் கீழே போய் ஊன்றிக்கொள்வது அதன் சூட்சுமம். ஓடுகிறவரால் அவ்வளவு ஆழத்தில் ஊன்ற முடியாது. அசைகிற மேல்மண்ணோடுதான் அவர் மல்லுக்கட்ட வேண்டும்.

மழைக்காலம் வரட்டும். கரிசலில் நாலு எட்டு வைத்தால் செருப்பின் அடியில் இன்னொரு செருப்பு முளைக்கும். பத்து எட்டில் காலே பிறர் கால் போலக் கனக்கும். மண்ணின் இந்தக் குணத்தை அளந்து வகுத்தவர் ஆல்பர்ட் அட்டர்பெர்க் என்ற சுவீடன் நாட்டு வேதியியலாளர். 1911ஆம் ஆண்டு வாக்கில் அவர் இரண்டு எல்லைகளைச் சொன்னார். நீர் ஒரு அளவுக்குக் கீழே இருந்தால் மண் உதிரும். அதைத் தாண்டினால் பிசைந்து உருட்டலாம். இன்னொரு அளவைத் தாண்டினால் கூழாக ஓடும். செவலில் இந்த இரண்டு எல்லைகளும் நெருக்கமாக இருக்கும். கொஞ்சம் நீர் கூடினால் குழையும், கொஞ்சம் குறைந்தால் உதிர்ந்துவிடும். கரிசலிலோ இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி. நாள்கணக்கில், வாரக்கணக்கில் மண் பிசுபிசு நிலையிலேயே கிடக்கும். உழவர்கள் இதையெல்லாம் அட்டர்பெர்க்குக்கு முன்பே அறிந்து, ஒரே சொல்லில் வைத்திருந்தார்கள்: பதம். பதம் வராமல் கரிசலில் ஏர் இறக்கமாட்டார்கள். பதம் தப்பினாலும் இறக்க முடியாது, கொழு முறியும். ஓடுகிறவரும் அதே பதத்துக்குத்தான் காத்திருக்க வேண்டும்.

கனத்த காலோடு ஓடினால் எவ்வளவு நட்டம் என்பதையும் ஆய்வுக்கூடங்கள் அளந்திருக்கின்றன. ஒவ்வொரு ஷூவிலும் 100 கிராம் எடை கூடினால் ஓட்டத்துக்கு ஆகும் ஆற்றல் சுமார் 1 விழுக்காடு கூடுகிறது. அமெரிக்காவில் ராட்ஜர் கிராம் குழுவினர் 2012ல் வெளியிட்ட ஆய்விலும் கணக்கு இப்படித்தான் வந்தது. அந்தக் கணக்குப்படி காலுக்கு அரைக் கிலோ கரிசல் ஒட்டினால் 5 விழுக்காடு. 7 நிமிட ஓட்டத்தில் 5 விழுக்காடு என்றால் 21 விநாடி. தேர்வு மைதானத்தில் 21 விநாடிக்குள் எத்தனை பேர் தேறுவார்கள், எத்தனை பேர் ஊர் திரும்புவார்கள் என்று பையன்களைக் கேட்டால் தெரியும். எடை மட்டும்தான் பிரச்சினை என்றாலும் பரவாயில்லை. ஒட்டிய காலைப் பிடுங்க ஆகும் விசை தனி. சேறு நசுங்கும்போது அது விழுங்கிவிடும் ஆற்றல் தனி.

வடக்கு டகோட்டாவுக்குப் போவோம். தியோடர் ரூஸ்வெல்ட் தேசியப் பூங்கா லிட்டில் மிசௌரி ஆற்றின் இரு பக்கமும் பரந்திருக்கிறது. 1883ல் காட்டெருமை வேட்டைக்காக அங்கே போன இளம் ரூஸ்வெல்ட், பின்னாளில் அமெரிக்க அதிபரானவர். அவர் பெயரில் 1947ல் நினைவுப் பூங்காவாகத் தொடங்கி 1978ல் தேசியப் பூங்காவானது. பூங்காவின் துண்டுகளை இணைத்துக்கொண்டு மா டா ஹே என்ற பாதை 230 கிலோமீட்டர் போகிறது. மேலே புல்வெளி, கீழே சாம்பலும் நீலமும் செம்மையுமாகப் பட்டை பட்டையான மண்குன்றுகள், இரண்டுக்கும் இடையே ஏறி இறங்கும் ஒற்றையடித் தடம். வறண்டிருந்தால் ஓட அருமையான இடம். மழை பெய்துவிட்டால் அனுபவசாலிகள் ஓடமாட்டார்கள், சைக்கிளும் எடுக்கமாட்டார்கள். பெண்டோனைட் களி சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு உருளவே விடாது. பெண்டோனைட் என்பது எரிமலைச் சாம்பல் மாறி உருவான களி. அதன் உள்ளே இருப்பது நம் ஸ்மெக்டைட்தான்.

ஒரு வேறுபாடு. அங்கே தகடுகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் சோடியம். கரிசலில் பெரும்பாலும் கால்சியம். கால்சியத்துக்கு இரட்டை மின்னேற்றம். இரண்டு பக்கத் தகடுகளையும் ஓரளவுக்கு மேல் விலகவிடாமல் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். சோடியத்துக்கு ஒற்றை ஏற்றம், பிடி தளர்ச்சி. மழை பெய்தால் சோடியக் களியின் தகடுகள் விலகிக்கொண்டே போய்க் கடைசியில் தனித்தனியாகப் பிரிந்து நீரில் மிதக்கும். மிதப்பதை ஓடுகிற நீர் வாரிக்கொண்டு போகும். மேற்பரப்பில் மிஞ்சிய நுண்களி துவாரங்களை அடைத்துவிடுவதால் அடுத்த மழை உள்ளே இறங்காது. மேலோடு ஓடி இன்னும் அரிக்கும். வெடிப்பு வழியாக நுழைந்த நீரோ குன்றுக்குள் குழாய் போலச் சுரங்கம் அரித்து, மேல்மண்ணை உள்வாங்க வைக்கும். தெற்கு டகோட்டாவில் இருக்கும் பேட்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவின் குன்றுகள் ஆண்டுக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் தேய்கின்றன. பாறை என்று அழைக்கப்படும் ஒன்றுக்கு இது அசுர வேகம்.

பந்தல்குடிக் கரிசலுக்குக் கால்சியம் ஊட்டுவது அடியிலும் பக்கத்திலும் கிடக்கும் சுண்ணாம்புச் செறிவு. கரிசலைத் தோண்டினால் சுக்கான்கல் உருண்டைகள் வரும். நீர் வற்றும்போது மண்ணுக்குள்ளேயே உறைந்த சுண்ணாம்பு அது. இதே வட்டாரத்தில் களர் தட்டிய நிலத் துண்டுகளும் உண்டு. அங்கே சோடியம் ஏறிவிட்டது; மழை பெய்தால் சவர்க்கார நீர் போலக் கலங்கித் தேங்கும், காய்ந்தால் ஓடு கட்டும். வேளாண் அலுவலர் அதற்குச் சொல்லும் மருந்து ஜிப்சம். ஜிப்சத்தில் இருப்பது கால்சியம். அது சோடியத்தைத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் உட்காரும், மண் மீண்டும் கட்டுக்குள் வரும். டகோட்டாவையும் அருப்புக்கோட்டையையும் பிரிக்கும் வேதியியலை நம் விவசாயி மூட்டைக்கணக்கில் வாங்கி வயலில் தூவுகிறார்.

கால்சியம் மட்டும் இருந்தால் போதுமா என்றால், போதாது. சரிவும் குறைவாக இருக்க வேண்டும். பெரம்பலூர் மாவட்டம் காரை கிராமத்துக்குப் போனால் இது தெரியும். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த களிப்பாறை அங்கே வெளியே தெரிகிறது. அதில் ஜிப்சம் வெள்ளை நரம்பாக ஓடுகிறது, கணவாயின் உறவினங்களான பெலம்னைட்டுகளும் அம்மோனைட்டுகளும் புதைபடிவமாகக் காலில் இடறுகின்றன. இருந்தும் அது அரிபட்டுக் குடைந்த பள்ளமும் முகடுமாக அசல் பேட்லேண்ட்ஸாகக் கிடக்கிறது. ஜிப்சம் வெடிப்புகளில் நரம்பாக இருக்கிறதே தவிர, களி முழுக்கப் பரவியிருக்கவில்லை, சரிவோ செங்குத்து, பிடித்து நிறுத்தப் புல்லும் இல்லை. இந்தியாவின் நிலவியல் மாணவர்கள் சுத்தியலோடு வந்து சுற்றும் அந்த இடத்தில் ஓட்டப்பாதை ஒன்று அமைக்கலாம் என்று யாராவது கிளம்பினால், புதைபடிவங்களை நினைத்து நான் முதல் ஆளாக எதிர்ப்பேன்.

அரிமான நிலத்தில் ஓட ஆசைப்படுகிறவர்களுக்குத் தமிழ் மண்ணில் ஏற்கெனவே ஓர் இடம் இருக்கிறது. 1968ல் ஆரோவில் தொடங்கியபோது அந்தச் செம்மண் மேடு மரமற்றுப் போய், மழைநீர் குடைந்த ஓடைப்பள்ளங்களாகக் கிழிந்து கிடந்தது. வரப்புப் போட்டு, தடுப்பணை கட்டி, மரம் நட்டு அதைக் காடாக்கினார்கள். இன்று அந்தக் காட்டுத் தடங்களில் பிப்ரவரி மாதத்தில் ஆரோவில் மாரத்தான் நடக்கிறது. நன்றாக வடியும் செம்மண் என்பதால் தடம் ஆண்டின் பெரும்பகுதி ஓடத் தக்கதாக இருக்கிறது. கரிசலில் அப்படி ஒரு மாரத்தானைக் கார்த்திகையில் அறிவித்தால் பதக்கத்தோடு மண்வெட்டியும் கொடுக்க வேண்டியிருக்கும்.

கோடையில் கரிசல் கல்லாக இறுகிவிடும், ஒட்டாது. அப்போது ஓடலாமே? அங்கே வேறு சிக்கல். ஓடும்போது நம் கால் ஸ்பிரிங் போல வேலை செய்கிறது. பாதம் தரையைத் தொடும்போது உடலில் இருந்து வரும் ஆற்றலில் 35 விழுக்காடு அளவைக் குதிகால் தசைநாணும், 17 விழுக்காடு அளவைப் பாதவளைவும் தேக்கி வைத்து, உந்தும்போது திருப்பித் தருகின்றன என்று 1987ல் மெக்நீல் அலெக்சாண்டர் குழுவினர் கணக்கிட்டார்கள். தரை மாறினால் இந்த ஸ்பிரிங்கின் விறைப்பையும் உடல் மாற்றிக்கொள்கிறது. கடினத் தரையில் கால் மெத்தென்று தளரும், மெத்தென்ற தரையில் விறைக்கும். புதுத் தரையில் வைக்கும் முதல் எட்டிலேயே இது நடந்துவிடுகிறது என்று 1999ல் டேனியல் ஃபெரிஸ் குழு காட்டியது. அப்படி முன்கூட்டியே தயாராக, கண் தரையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். வெடிப்பும் கட்டியுமாகக் கிடக்கும் கோடைக் கரிசலில் அடுத்த எட்டு எங்கே என்பதை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தீர்மானிக்க வேண்டியிருப்பதால், தூக்கம் கலையாத விடியலில் கணுக்கால் பிசகுவது சுலபம். தரையில் இரண்டரை சென்டிமீட்டர் வரை ஏற்ற இறக்கம் இருந்தால்கூட ஓடும் ஆற்றல் 5 விழுக்காடு கூடுகிறது என்பது 2015ல் வெளிவந்த ஒரு முடிவு.

இதைவிட ஓடச் சிரமமான தரை தெற்கே இருக்கிறது. சாத்தான்குளம் பக்கத்துத் தேரியில் செம்மணல் குன்றுகள். மணலில் ஓடக் கடினத் தரையைப்போல 1.6 மடங்கு ஆற்றல் வேண்டும் என்று 1998ல் பெல்ஜிய ஆய்வாளர்கள் அளந்தார்கள். தசைநாண் திருப்பித் தரவேண்டியதை மணல் தின்றுவிடுகிறது. காலுக்கு வலுவேற்றத் தேரியில் ஓடுகிறவர்கள் உண்டு. நேரம் பார்த்து ஓட அது இடமில்லை.

செருப்பில்லாமல் ஓடும் பையன்களைப் பற்றி ஒரு வார்த்தை. முள்ளுக்கும் சுக்கான்கல்லுக்கும் பழகிய பாதம் தடித்துக் காய்த்திருக்கும். தடித்தால் உணர்ச்சி மழுங்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். கென்யாவில் வெறுங்காலோடு நடப்பவர்களை ஆராய்ந்த நிக்கோலஸ் ஹோலோவ்கா, டேனியல் லீபர்மன் குழுவினர் 2019ல் சொன்னது வேறு: காய்ப்பு எவ்வளவு தடித்தாலும் தரையின் அதிர்வைப் பாதம் உணர்வது குறையவில்லை. மெத்தை வைத்த ஷூதான் அந்தச் செய்தியை மறைக்கிறது. அதற்காக ஷூவை வீசச் சொல்லவில்லை. நெருஞ்சியும் சீமைக்கருவேல முள்ளும் ஆய்வுக்கட்டுரை படிப்பதில்லை.

வெயிலைப் பேசாமல் இந்த ஊரைப் பேச முடியாது. 60 கிலோ எடையுள்ளவர் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் ஒரு மணி நேரத்தில் சுமார் 600 கிலோகலோரி செலவாகும். அதில் முக்கால் பங்குக்குக் குறையாமல் வெப்பமாகிறது. அந்த வெப்பம் வெளியேறாவிட்டால் ஆறேழு நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் உடல் சூடு ஏறும். அரை மணி நேரத்தில் ஆபத்து. காற்று 35 டிகிரியைத் தாண்டிவிட்டால் தோலிலிருந்து காற்றுக்கு வெப்பம் போகாது, காற்றிலிருந்து தோலுக்கு வரும். மிஞ்சும் ஒரே வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரியை எடுத்துக்கொண்டு போகும். ஆக, கணக்குப்படி மணிக்கு ஒரு லிட்டருக்கும் குறைவான வியர்வை போதும். "முழுதும் ஆவியானால்" என்பதில்தான் விஷயம். தூத்துக்குடிக் கடற்கரையில் ஈரக்காற்றில் வியர்வை சொட்டி மண்ணில் விழும். சொட்டுகிற வியர்வை குளிர்விக்காது. பந்தல்குடியின் வறண்ட ஆடிக்காற்றில் உப்பு மட்டும் சட்டையில் வரைபடம் போட்டு நிற்கும். வெப்பமானி அதிகம் காட்டினாலும் ஓடும் உடலுக்கு இந்தக் காற்று உதவுகிறது. குடிநீர் கூட இருக்க வேண்டும், அவ்வளவே. கறுப்பு மண் வெயிலை விழுங்கி நண்பகலில் 50 டிகிரிக்கு மேல் கொதிக்கும் என்பதால், கரிசலில் காலை எட்டு மணிக்கு மேல் ஓடுவது வீம்பு.

இந்த வட்டாரத்தில் பயிரில்லாமல் கிடக்கும் வெளியைத் தரிசு என்று எழுதிவைத்தது வருவாய்க் கணக்கு. நான் அந்தச் சொல்லை ஏற்பதில்லை. குடை விரித்தாற்போல உடைமரம், நெட்டையாகப் பனை, நடுவே கொழுக்கட்டைப்புல்லும் ஊசிப்புல்லும் நிற்கும் இந்த நிலம் ஆப்பிரிக்க சவானாவுக்கும் அமெரிக்கப் பிரெய்ரிக்கும் உறவு. ஊசிப்புல்லை ஓடுகிறவருக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. காலுறையைக் கழற்றி அரை மணி நேரம் பிடுங்கியிருப்பார். அதன் விதையின் நுனியில் முறுக்கிய வால் ஒன்று உண்டு. இரவின் ஈரத்தில் முறுக்கு அவிழும், பகலின் வறட்சியில் மறுபடி முறுக்கும். இப்படித் திருகித் திருகி விதை தன்னைத்தானே மண்ணில் துளையிட்டுப் புதைத்துக்கொள்ளும். காலுறை நூலையும் அது மண் என்றே நினைக்கிறது.

புல்வெளி இருந்தால் அதில் ஓடும் விலங்கும் இருக்கும். டகோட்டாவில் பிராங்ஹார்ன். மணிக்கு 90 கிலோமீட்டரை ஒட்டி ஓடும். இன்றைய அமெரிக்காவில் அதைத் துரத்திப் பிடிக்க ஒரு விலங்கும் இல்லை. பிறகு எதற்கு அவ்வளவு வேகம்? பன்னிரண்டு, பதின்மூன்றாயிரம் ஆண்டுகளுக்கு முன் அழிந்துபோன அமெரிக்கச் சிவிங்கிப்புலி இனத்திடமிருந்து தப்ப வந்த வேகம் அது என்று ஜான் பையர்ஸ் என்ற உயிரியலாளர் வாதிடுகிறார். நம்மிடம் வெளிமான். அதுவும் மணிக்கு 80 கிலோமீட்டர் ஓடக்கூடியது. அதைத் துரத்திய சிவிங்கிப்புலி இந்தியாவிலிருந்து அற்றுப்போனதாக 1952ல் அறிவிக்கப்பட்டது. பிராங்ஹார்னின் எதிரி போய்ப் பத்தாயிரம் ஆண்டுக்கு மேல் ஆகிறது, வெளிமானின் எதிரி நம் தாத்தா காலத்தில் போனது. 2022ல் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த சிவிங்கிப்புலிகளை மத்தியப் பிரதேசத்தின் குனோவில் விட்டிருக்கிறார்கள்.

பந்தல்குடிக்குத் தெற்கே, திருநெல்வேலி–தூத்துக்குடிச் சாலையோரம் வல்லநாட்டில் 1987ல் அறிவிக்கப்பட்ட வெளிமான் சரணாலயம் இருக்கிறது. பரப்பு சுமார் 16 சதுர கிலோமீட்டர். இந்தியாவில் வெளிமான் இயற்கையாக வாழும் தென்கோடி இடம் அதுதான். வெளிமானின் தற்காப்பு முழுவதும் இரண்டு ஏற்பாடுகளில் நிற்கிறது: தூரத்திலேயே எதிரியைப் பார்ப்பது, தடையில்லாமல் ஓடுவது. இரண்டுக்கும் திறந்த வெளி வேண்டும். 1870களில் ஆந்திரத்தின் கடப்பைப் பக்கம் விறகுக்காகக் கொண்டுவரப்பட்ட சீமைக்கருவேலம் இன்று தென்மாவட்டங்களின் கண்மாய், ஓடை, புறம்போக்கு எல்லாவற்றிலும் ஏறிவிட்டது. ஆடும் மாடும் நெற்றைத் தின்று, சாணத்தில் விதையை எருவோடு சேர்த்தே நட்டுவிடுகின்றன. அது அடர்ந்த இடத்தில் புல் முளைப்பது குறையும்; பத்து அடிக்கு அப்பால் என்ன நிற்கிறது என்பது மானுக்குத் தெரியாது. துரத்துவது சிவிங்கிப்புலி அல்ல, ஊர் நாய்கள். சமவெளியில் அவற்றால் வெளிமானின் பக்கத்தில்கூட வர முடியாது. முள்ளுக்குள் எட்டுவைக்க இடமில்லாமல் மான் நிற்கும்போதுதான் நாய்க்கு அது கிடைக்கிறது.